சாப்பாடு யார் வீட்டில்?

பாலி ரீல்ஸ் நீங்களும் பார்த்திருப்பீங்க. மலைச்சரிவில் படிப்படியாக இறங்கும் நெல் வயல், ஓரத்தில் தென்னை, நடுவில் ஊஞ்சல், ஊஞ்சலில் பத்தடி நீளத்துக்குப் பறக்கும் கவுன். கீழே கமெண்டில் நம்ம பசங்க பேரை டேக் பண்ணி, "மச்சி, செம் முடிச்சு போறோம்" என்று ஒரு சத்தியம். பாஸ்போர்ட் எடுத்தவன் அதில் ஒருத்தன்கூடக் கிடையாது.

போன தை மாதம் ஹாஸ்டலில் இதே பேச்சு ஓடியபோது ஒருத்தன் என்னைப் பார்த்து, "உங்க ஊர்லயே வயல் இருக்குல்ல, அங்க கூட்டிட்டுப் போயேன்" என்றான். வளவனூர் பக்கம் ஒரு கிராமம் எங்களது. சரி என்றேன். பதினாலு பேர், தலைக்கு 200 ரூபாய், ரெண்டு மணி நேரம் வயல் நடை, மதியம் வீட்டுச் சாப்பாடு. பாலியில் டாலரில் விற்கிற அதே பேக்கேஜ். நல்லாவே நடந்தது. ஸ்டேட்டஸ் எல்லாம் ஹார்ட்டு. அதைப் பார்த்துட்டு இன்னும் ரெண்டு டிபார்ட்மெண்ட் பசங்க கேட்கிறாங்க, மாசம் ஒரு தடவை நடத்தலாம்னு கிளப்பில் பேச்சு ஓடுது. அதனாலதான் இதை எழுதறேன். நடத்தலாம். ஆனா போன தடவை நடத்தின மாதிரி நடத்தக்கூடாது. ஏன் என்பதற்கு முதலில் உங்களை வயலுக்குக் கூட்டிட்டுப் போகணும்.

எங்க ஊரில் மலை கிடையாது. விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி பாசஞ்சரில் ஏறினால் அடுத்த ஸ்டேஷன்களில் ஒன்று வளவனூர். 1879-இல் போட்ட லைன் அது. ஜன்னல் வழியா பார்த்தா கரும்பு, சவுக்கு, நெல், மல்லாட்டைக் கொல்லை, தட்டையான பூமி. வந்த பசங்களில் ஒருத்தி இறங்கினதுமே கேட்டாள்: "ஸ்டெப்ஸ் எங்க?" எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கும் அப்போ பதில் தெரியல.

பதில் இதுதான்: நாம் நிற்பதே ஸ்டெப்ஸில்தான். நெல்லுக்கு ரெண்டு விரற்கடைத் தண்ணீர் வயல் முழுக்க ஒரே சீராக நிற்க வேண்டும். ஒரு பக்கம் ஒரு சாண் பள்ளமாக இருந்தால் அங்கே நாற்று மூழ்கும், மேட்டுப் பக்கம் களை முளைக்கும். ஆகவே நிலம் எவ்வளவு லேசாகச் சரிந்தாலும் அதைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் சமப்படுத்தி, வரப்பு கட்டித்தான் ஆகணும். பிலிப்பைன்ஸில் மலைச்சரிவு செங்குத்து, அதனால் ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் ஆள் உயரம் வித்தியாசம். இங்கே சரிவு ஆயிரத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டால் ஒரு கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர்தான் இறக்கம். அந்த ஒரு மீட்டரை இருபது முப்பது வயல்கள் பங்கு போட்டுக்கொள்கின்றன. ஒரு வரப்பைத் தாண்டும்போது நீங்கள் இறங்குவது மூணு, நாலு சென்டிமீட்டர். கண்ணுக்குத் தெரியாது. தண்ணிக்குத் தெரியும். சிவில் பசங்க சர்வே லேபில் லெவலிங் ஸ்டாஃபைப் பிடித்துக்கொண்டு வெயிலில் கடுப்பாக நிற்கிற நேரத்தில் இதை நினைச்சுப் பாருங்க. லேசர் லெவலர் வருவதற்கு முன்னாடி, மாடு கட்டிப் பரம்படிச்சே இந்தச் சமதளத்தைக் கொண்டுவந்தவங்க ஆட்டோ லெவலைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

தண்ணீர் வருவது ஏரியிலிருந்து. தமிழ்நாட்டில் சுமார் 39,000 ஏரிகள் இருக்கு. அதில் பெரும்பாலானவை தனித்தனி குட்டைகள் கிடையாது. மேல் ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாக வழிந்து அடுத்த ஏரிக்கு, அது நிரம்பினால் அதற்கும் கீழே இருப்பதற்கு. ஒரு சங்கிலி. ஏரிக்கரையில் மதகு, மதகிலிருந்து வாய்க்கால், வாய்க்காலிலிருந்து முதல் கழனி, அதன் மடையைத் திறந்தால் அடுத்த கழனி. பாலியில் இதே மாதிரி வயல்காரர்கள் சேர்ந்து தண்ணீரைப் பங்கிடும் முறைக்கு சுபக் என்று பெயர். 2012-இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியம் என்று அறிவிச்சது. நம்ம பக்கம் அந்த வேலையைப் பார்த்தவர் நீர்க்கட்டி. எந்த மடையை எத்தனை நாழி திறக்கணும், யார் கழனிக்கு எப்போ முறை என்பதெல்லாம் அவர் தலையில். அந்த வேலை பெரும்பாலும் காலனிக் குடும்பங்களிடம்தான் இருந்தது. நிலம் வேறு பக்கம் இருந்தது. இந்த வாக்கியத்தை ஞாபகம் வெச்சுக்குங்க, கீழே வேலை இருக்கு.

இதையெல்லாம் எனக்குச் சொன்னது கூகுள் இல்லை. அன்றைக்கு எங்களைக் கூட்டிப்போன அம்மாதான். அவங்க பேரை இங்கே எழுதவில்லை. நாற்பது வருஷமா எங்க ஏரியா முழுக்க நடவு நட்டவங்க, நடவு கோஷ்டிக்குத் தலைமை. அவங்க மாமனார் காலத்தில் வீட்டில் நீர்க்கட்டி வேலை இருந்தது. அன்று பக்கத்து ஊரில் நடவு இருந்தும் போகாமல், நான் கேட்டேன் என்பதற்காக வந்தாங்க.

தை மாதம் எங்க பக்கம் வர நல்ல நேரம். ஒரு பக்கம் சம்பா அறுவடை, செயின் வெச்ச மெஷின் சேற்றில் உறுமிக்கிட்டு இருக்கும். இன்னொரு பக்கம் நவரைக்கு நாத்தாங்காலில் நாற்று பறிச்சுக்கிட்டு இருப்பாங்க. ஒரே நடையில் நெல்லின் பிறப்பும் முடிவும் ரெண்டும் பார்த்துடலாம். அந்த அம்மா முதலில் செய்தது எல்லாருடைய ஷூவையும் கழட்டச் சொன்னது. "செருப்போட வரப்புல ஏறுனா வழுக்கும், வரப்பும் போயிரும்" என்றாங்க. பிறகு ஒரு கழனிச் சேற்றில் காலை விடச் சொன்னாங்க. கணுக்கால் வரைக்கும் போச்சு. பக்கத்துக் கழனியில் முழங்கால் வரைக்கும் போச்சு. "இது வடிகாலாண்ட இருக்கற கழனி. அந்தாண்ட எல்லாத் தண்ணியும் இங்கதான் வந்து சேரும்" என்றாங்க.

அங்கேதான் ஃபெஞ்சல் கதை வந்தது. 2024 நவம்பர் 30 ராத்திரி புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது. மறுநாள் காலை கணக்கில் மயிலத்தில் மட்டும் 51 சென்டிமீட்டர் மழை. அதையெல்லாம் நாம ஹாஸ்டலில் நியூஸ் சேனலில் பார்த்தோம், மேப்பில் ஒரு சிவப்பு வட்டமா. அந்த அம்மா ஒரு வேப்ப மரத்தில் கையை வெச்சுக் காட்டினாங்க, தண்ணி நின்ன இடம். அவங்க மார்பு உயரம். எந்த வடிகால் வாய்க்காலைத் தூர்த்து மனை போட்டதால் தண்ணி வடிய நாலு நாள் ஆச்சு, எந்தப் பக்கம் நாலு வழிச்சாலைக்கு மண் உயர்த்தினதால் ஓட்டம் திரும்பிச்சு, எந்தக் கழனியில் மணல் ஏறி இன்னும் சரியா விளையல, எல்லாம் விரல் நீட்டி, நடந்துகொண்டே. நம்ம காலேஜில் ஹைட்ராலஜி ஒரு முழு செமஸ்டர் நடத்தறாங்க. நான் ஏ கிரேடு. என் சொந்த ஊரில் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுதுன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்.

பன்னிரண்டரை மணிக்கு எங்க வீட்டு வாசலுக்கு வந்தோம். சாப்பாடு எங்க வீட்டில்தான். அம்மா விடியற்காலையிலேயே எழுந்து சமைச்சிருந்தாங்க. புழுங்கல் அரிசிச் சோறு, கத்தரிக்காய் போட்ட கருவாட்டுக் குழம்பு, கருவாடு சாப்பிடாதவங்களுக்கு மொச்சைக் குழம்பு, முருங்கைக்கீரைப் பொரியல், மல்லாட்டைத் துவையல், ரசம், மோர். கூடத்தில் வரிசையா வாழை இலை. மெஸ் சாப்பாட்டில் வாழ்ந்த பதினாலு பேரும் எப்படிச் சாப்பிட்டாங்கன்னு நான் சொல்லத் தேவையில்லை.

ரெண்டாவது தடவை சோறு போடும்போது ஒருத்தி கேட்டாள்: "கைடு அக்கா எங்க? அவங்க சாப்பிடலையா?"

"அவங்க அப்புறம் சாப்பிடுவாங்க" என்றேன். பொய்.

அவங்க வாசல் வழியா உள்ளே வரவே இல்லை. எப்பவும் போல வீட்டைச் சுற்றிக்கிட்டுப் பின்பக்கம் மாட்டுக் கொட்டகைக்குப் போயிட்டாங்க. கொட்டகை எரவாணத்தில் ஒரு எவர்சில்வர் டம்ளரும் தட்டும் செருகி இருக்கும். நான் பிறந்ததிலிருந்து அது அங்கேதான் இருக்கு, எதுக்குன்னு நான் கேட்டதும் இல்லை. அன்று அம்மா ஒரு தூக்கில் குழம்பும் சோறும் போட்டுக் கொடுத்தாங்க, அவங்க வாங்கிக்கிட்டுக் கிளம்பிட்டாங்க. ரெண்டு மணி நேரம் எங்களுக்குப் பாடம் எடுத்தவங்க. அவங்க நட்ட நெல்லைத்தான் நாங்க கூடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கிட்டு இருந்தோம். இன்னொன்றும் சொல்லிடறேன்: என் அம்மாவைவிட வயதில் மூத்த அவங்களை நான் சின்ன வயதிலிருந்து பேர் சொல்லித்தான் கூப்பிட்டு வளர்ந்தேன். பசங்க "அக்கா, அக்கா" என்று கூப்பிட்டதைக் கேட்ட பிறகுதான் அன்று வாய் கூசிச்சு.

பிறகு கணக்குப் போட்டேன். வசூல் 2,800. ஸ்டேஷனிலிருந்து ஷேர் ஆட்டோ போக வர 700. மளிகை, கருவாடு, காய்கறி 1,650. இலை, தண்ணி கேன் 150. மிச்சம் 300. அதை அந்த அம்மாவுக்குக் கொடுத்தேன். "எதுக்கு இது" என்று சொல்லிட்டு வாங்கிக்கிட்டாங்க. அன்று அவங்க விட்டுட்டு வந்த நடவுக் கூலியைவிட அது குறைவு. மிச்சம் இருப்பதைக் கைடுக்குக் கொடுப்பது என்று நான் உட்கார்ந்து முடிவு பண்ணவே இல்லை. தானா அப்படித்தான் அமைஞ்சது. அதுதான் என்னை உறுத்துது.

இன்னொரு கணக்கும் பாருங்க. 2025-26 சீசனில் பொது ரக நெல்லுக்கு மத்திய அரசு விலை குவிண்டாலுக்கு 2,369 ரூபாய், மாநில ஊக்கத்தொகை 131 சேர்த்து 2,500. அதாவது கிலோ 25 ரூபாய், அதுவும் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருந்தால். ஒரு ஆள் சாப்பாட்டுக்கு 150 கிராம் அரிசி என்றால் அதற்கு ஏறக்குறைய 225 கிராம் நெல் வேணும். விலை ஆறு ரூபாய்கூட வராது. புதுச்சேரி கஃபேயில் ஒரு காபி விலைக்கு எத்தனை பேருக்கு நெல் போடலாம்னு நீங்களே வகுத்துக்குங்க. நெல்லை நெல்லா விற்றால் ஆறு ரூபாய். அதையே நடந்து காட்டி, கதை சொல்லி, இலை போட்டுப் பரிமாறினால் 200 ரூபாய். இந்த வித்தியாசம் யார் கைக்குப் போகுது என்பதுதான் வயல் நடையில் இருக்கும் ஒரே முக்கியமான கேள்வி. வியூ எல்லாம் அப்புறம்.

பாலியிலும் இந்தக் கேள்வி வந்தது. வியூவைக் காட்டி ரெஸ்டாரண்ட்காரங்க சம்பாதிக்க, வயல்காரங்க பார்த்துக்கிட்டே இருக்க, ஒரு கட்டத்தில் வயலுக்குள் தகரத் தகடுகளை நட்டு வெச்சுப் போராடினாங்க. வந்தவங்க போட்டோவில் பச்சைக்குப் பதில் தகரம் பளபளத்தது. பிலிப்பைன்ஸ் கதை வேற மாதிரி. அங்கே மலை நெல் அடுக்குகளை யுனெஸ்கோ 1995-இல் பட்டியலில் சேர்த்தது. ஆறே வருஷத்தில், 2001-இல், அழியும் ஆபத்தில் உள்ளவை பட்டியலுக்கு மாற்ற வேண்டியதாச்சு. படிகளைப் பராமரிக்க வேண்டிய இளைஞர்கள் ஊரைவிட்டுப் போயிட்டதும் அதற்கு ஒரு காரணம். 2012-இல்தான் அந்தப் பட்டியலிலிருந்து வெளியே வந்தது. பார்க்க ஆள் வருவதும் பயிர் செய்ய ஆள் இருப்பதும் ரெண்டு தனித்தனி விஷயம்.

உருப்படியா நடக்கிற இடங்களும் இருக்கு. கேரளாவில் குமரகத்தில் 2008 முதல் பொறுப்புச் சுற்றுலா என்று ஊர்க்காரங்களையே சேர்த்து நடத்தறாங்க. வீட்டுச் சாப்பாடு போட விரும்பும் வீடுகள் தாங்களே பதிவு செய்துகொள்ளும் திட்டமும் அந்த மாநிலத்தில் உண்டு. நமக்கு இன்னும் பக்கத்தில், ஆரோவில்லில் சாலிட்யூட் பண்ணையில் தோட்டத்தைச் சுற்றிக் காட்டி, அங்கே விளைந்ததையே சமைச்சுப் போடறாங்க. அங்கே நிலமும் சமையலும் கதையும் ஒரே கையில். நம்ம ஊர் நிலைமை அது இல்லை. இங்கே நிலம் ஒரு தெருவில், நட்ட கை வேறொரு தெருவில். அதனால் "வீட்டுச் சாப்பாடு" என்று போஸ்டர் அடிக்கும்போதே எந்த வீடு என்ற கேள்வி வந்துடுது. அதற்கு நாம பதில் சொல்லாமல் விட்டால், ஊர் தன் பழைய பதிலைச் சொல்லிடும். எங்க வீட்டில் சொன்ன மாதிரி.

கிளப் மீட்டிங்கில் நான் சொன்னது இதுதான். அடுத்த நடைக்குச் சாப்பாடு அந்த அம்மா வீட்டில். தலைக்கு 200 என்றால் அதில் பாதி, ஆட்டோவுக்கும் அரிசிக்கும் முன்னாடியே, நடத்திக் காட்டுபவருக்கு என்று தனியா எடுத்து வெச்சிடணும். சமைப்பதற்குக் கூலி தனி. என் அம்மாவுக்கு நான் அதைக் கொடுக்கவில்லை, "நம்ம வீடுதானே" என்று விட்டுட்டேன், அதுவும் தப்புதான்.

எதிர்ப்பு வந்தது. "இது ட்ரிப்பு ப்ரோ, புரட்சி இல்ல" என்றான் ஒருத்தன். ஒத்துக்கறேன், ட்ரிப்புதான். ட்ரிப்பில் எங்கே சாப்பிடறோம் என்பதை நாமதானே முடிவு பண்றோம்? வேறொருத்தி கேட்டது கொஞ்சம் கஷ்டமான கேள்வி: "பதினாலு பேர் போய் அவங்க வீட்டைச் சுற்றிப் பார்த்து போட்டோ எடுத்தா அது மட்டும் மரியாதையா?" நியாயம். என்.எஸ்.எஸ். முகாமில் காலனிக்குள் போய் துடைப்பத்தோடு குரூப் போட்டோ எடுத்துட்டு வந்தவங்கதானே நாம. அதனால வீட்டுக்குள் போன் வெளியே எடுக்கக்கூடாதுன்னு முடிவு. வயலில் எவ்வளவு வேணும்னாலும் எடுங்க.

இன்னொருத்தன் தனியா வந்து மெதுவா சொன்னான்: "வேணாம், உங்க ஊர்ல ஏதாவது சொல்லுவாங்க, உனக்குத்தான் பிரச்சினை." சொல்லுவாங்கதான். அதை இல்லைன்னு சொல்லி உங்களைக் கூட்டிட்டுப் போக மாட்டேன். வருவதற்கு முன்னாடியே தெரிஞ்சுக்கிட்டு வாங்க.

ஆனா யாரும் கேட்காத ஒரு கேள்வி இருந்தது. அவங்களுக்கு இஷ்டமா? போன ஞாயிறு போய்க் கேட்டேன். அவங்க வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தது அதுதான் எனக்கு முதல் தடவை. இருபது வருஷம், நடந்தா அஞ்சு நிமிஷத் தூரம். முதல் தடவையா "அக்கா" என்று கூப்பிட்டேன். அவங்க கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லல.

"எல்லாரும் சாப்டுவாங்களா?" என்றாங்க.

"பதினோரு பேர் வரேன்னு சொல்லிட்டாங்கக்கா." மூணு பேர் ஏன் இல்லைன்னு அவங்க கேட்கல.

"உங்க அம்மா?"

இதற்கு நான் தயாராப் போகவில்லை. வீட்டில் அன்று ராத்திரியே சொன்னேன். அப்பா எழுந்து வெளியே போயிட்டாரு. அம்மா கீரை ஆய்ஞ்சுக்கிட்டே, "அவ கருவாட்டுக் கொழம்பு நல்லா வெப்பாளாமே" என்றாங்க. அதுக்கு என்ன அர்த்தம்னு எனக்கு இன்னும் பிடிபடல. எரவாணத்தில் இருந்த டம்ளரை மறுநாள் காலையில் நான் எடுத்து உள்ளே அலமாரியில் வெச்சேன். சாயந்திரம் பார்த்தால் மறுபடி எரவாணத்தில் இருந்தது. திரும்பவும் உள்ளே எடுத்து வெச்சுட்டுத்தான் ஹாஸ்டலுக்கு பஸ் ஏறினேன்.

நடை பங்குனி ரெண்டாவது ஞாயிறு. நவரை அப்போ பச்சை கட்டி நிற்கும். காலை பாசஞ்சரில் போறோம், டிக்கெட் பத்து ரூபாய். தொப்பி எடுத்துக்குங்க, ஷூ வேண்டாம். ஏரி மதகிலிருந்து ஆரம்பிச்சு கடைசி வடிகால் வரைக்கும் தண்ணி போற வழியிலேயே நடக்கப் போறோம். சிவில் பசங்க லேபிலிருந்து ஆட்டோ லெவல் கேட்டு வாங்க முடிஞ்சா நல்லது. அந்த மூணு சென்டிமீட்டரை அவங்க முன்னாடியே அளந்து காட்டலாம். பேர் கொடுக்கறவங்க இந்த வெள்ளிக்குள் கொடுங்க. அக்கா வீட்டில் பதினைந்து தட்டு கிடையாது, வாழை இலைக்குச் சொல்லிட்டேன். டம்ளர் மட்டும் குறையுது, ஆளுக்கு ஒண்ணு கொண்டு வந்துடுங்க.